பறப்புத் தொலைவும் பயண நேரமும்

இரண்டு வானூர்தி நிலையங்களுக்கு இடையிலான பறப்புத் தொலைவு என்பது, புவியின் மேற்பரப்பை ஒட்டி அவ்விரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம் ஆகும். இது பெருவட்டத் தொலைவு என்றும் அழைக்கப்படுகின்றது. பயண நேரம் என்பது வானூர்தி ஒரு நிலையத்தில் இருந்து கிளம்பி மற்றொன்றைச் சென்றடைய எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகும். முன்னது வடிவியலால் முடிவாவது. நிலையங்கள் இடம் மாறாத வரை அதுவும் மாறாது. பின்னது காற்று, வானூர்தியின் வகை, நெரிசல், நாடுகளின் வான்வெளிச் சட்டங்கள் ஆகியவற்றைப் பொறுத்து நாளுக்கு நாளும் திசைக்குத் திசையும் மாறுவது. எனவே தொலைவை வேகத்தால் வகுத்து நேரத்தைப் பெறும் பள்ளிக் கணக்கு இங்கு ஒரு முதல் மதிப்பீட்டை மட்டுமே தரும்.

இக்கட்டுரையில் இலண்டனின் ஹீத்ரோ நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி பன்னாட்டு நிலையத்துக்கும் இடையிலான வழி முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. உலகில் மிகுதியாகப் பறக்கப்படும் நெடுந்தொலைவு வழிகளில் இதுவும் ஒன்று.

தொலைவைக் கணித்தல்

புவியை ஒரு கோளமாகக் கொண்டால், அதன் மையத்தின் ஊடாகச் செல்லும் தளம் எதுவும் மேற்பரப்பை ஒரு பெருவட்டத்தில் வெட்டும். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். நெட்டாங்குக் கோடுகள் (தீர்க்கரேகைகள்) அரைப் பெருவட்டங்கள். கோளத்தின் மேல் உள்ள எந்த இரு புள்ளிகளுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி, அவற்றின் ஊடாகச் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லே ஆகும். அந்த வில் புவியின் மையத்தில் தாங்கும் கோணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தொலைவு கிடைத்துவிடும். அதற்கான கோளக் கோணவியல் வாய்பாடு பின்வருமாறு:

கோசைன்(கோணம்) = சைன்(அ1) × சைன்(அ2) + கோசைன்(அ1) × கோசைன்(அ2) × கோசைன்(நெ)

இதில் அ1, அ2 என்பன இரு நிலையங்களின் அகலாங்குகள் (அட்சரேகைகள்). நெ என்பது அவற்றின் நெட்டாங்குகளுக்கு இடையிலான வேறுபாடு. ஹீத்ரோ 51.47 பாகை வடக்கிலும் 0.46 பாகை மேற்கிலும் அமைந்துள்ளது. கென்னடி நிலையம் 40.64 பாகை வடக்கிலும் 73.78 பாகை மேற்கிலும் அமைந்துள்ளது. நெட்டாங்கு வேறுபாடு 73.32 பாகை. இவற்றை இட்டால் வலப்பக்கம் 0.6452 எனக் கிடைக்கும். அதற்குரிய கோணம் 49.82 பாகை. இதனை ரேடியனாக மாற்றினால் 0.8695. புவியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ. ஆல் பெருக்கினால் தொலைவு ஏறத்தாழ 5,540 கி.மீ. ஆகும்.

ஆனால் வானூர்தித் தொலைவுப் பட்டியல்களில் இவ்வழிக்கு ஏறத்தாழ 5,555 கி.மீ. என்று இருப்பதைக் காணலாம். இந்த வேறுபாடு பிழையன்று. புவி முழுமையான கோளம் அல்ல; துருவங்களில் சற்றுத் தட்டையானது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவங்களில் 6,357 கி.மீ. இதனைக் கணக்கில் கொள்ளும் நீள்கோள முறைகள் சிறிது மாறுபட்ட விடையைத் தரும். வின்சென்டி என்பவர் 1975-இல் வெளியிட்ட முறை இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. கோளக் கணக்கிற்கும் இதற்கும் இடையே இங்கு ஏறக்குறைய 15 கி.மீ. மட்டுமே வேறுபாடு. ஒரு நிமிடப் பறப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

கணினி நிரல் எழுதுவோர் ஒன்றைக் கவனித்தல் நலம். இரு புள்ளிகளும் மிக அருகில் இருக்கும்போது மேற்கண்ட வாய்பாட்டின் கோசைன் மதிப்பு 1-ஐ நெருங்கிவிடும். அப்போது பதின்மப் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்கள் போதாமல் விடை தடுமாறும். இதனைத் தவிர்க்க, அதே வடிவியலை வேறு விதமாக எழுதும் ஹாவர்சைன் வாய்பாட்டைப் பயன்படுத்துவது வழக்கம். கண்டங்களுக்கு இடையிலான தொலைவுகளில் இச்சிக்கல் எழுவதில்லை.

வானூர்தித் துறையில் தொலைவு பெரும்பாலும் கடல் மைலில் அளக்கப்படுகின்றது. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். புவி மையத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைத் தாங்கும் வில்லின் நீளத்தில் இருந்தே இந்த அலகு பிறந்தது. ஆகவே 49.82 பாகையை 60 ஆல் பெருக்கினாலே 2,989 கடல் மைல் என்ற விடை கிடைத்துவிடும். ஆரம் தேவையில்லை.

வரைபடத்தில் வளைந்து தோன்றுவது ஏன்

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் இலண்டனில் இருந்து நியூயார்க்குக்கு அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால், அது தென்மேற்கு நோக்கிச் சரிந்து செல்லும். நியூயார்க் இலண்டனை விட ஏறத்தாழ 11 பாகை தெற்கே உள்ளது என்பதால் இது இயல்பாகவும் தோன்றும். ஆனால் பெருவட்ட வழியில் செல்லும் வானூர்தி இலண்டனில் இருந்து மேற்குக்கு 18 பாகை வடக்காகக் கிளம்புகின்றது. ஏறத்தாழ 53.7 பாகை வடக்கு வரை ஏறிய பின்னரே தெற்கு நோக்கித் திரும்புகின்றது.

தட்டையான தாளில் உருண்டையை விரித்ததன் விளைவு இது. மெர்காட்டர் வரைபடத்தில் வரையும் நேர்க்கோடு, திசைகாட்டியில் ஒரே திசையைக் காட்டிக்கொண்டு செல்வதற்கான வழி. பாய்மரக் கப்பல்களுக்கு அது எளிதானது; ஆனால் குறுகியது அன்று. இலண்டன் - நியூயார்க் இடையே அந்த வழியின் நீளம் ஏறத்தாழ 5,760 கி.மீ.; பெருவட்டத்தை விட 220 கி.மீ. கூடுதல். ஒரு பூகோள உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்து, இரு நகரங்களிலும் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். எந்தக் கணக்கும் தேவைப்படாது.

வேகமும் காற்றும்

நெடுந்தொலைவுப் பயணிகள் வானூர்திகள் ஏறத்தாழ 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், ஒலியின் வேகத்தில் 85 விழுக்காட்டை ஒட்டிப் பறக்கின்றன. அவ்வுயரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ -56 பாகை செல்சியசு. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்வதால் அதன் வேகம் மணிக்கு 1,062 கி.மீ. மட்டுமே. அதன்படி வானூர்தியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. ஆகின்றது.

இது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம் என்பதே இங்கு முதன்மையானது. ஆற்றில் செல்லும் படகைப் போல, வானூர்தி தன்னைச் சுமக்கும் காற்றுடன் சேர்ந்தே நகர்கின்றது. தரையைப் பொறுத்த வேகத்தைப் பெற, பின்காற்றைக் கூட்டவோ எதிர்காற்றைக் கழிக்கவோ வேண்டும்.

வட அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேல், வானூர்திகள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் (தாரைக்காற்று) வீசுகின்றது. துருவக் குளிர்காற்றும் தெற்கின் வெப்பக்காற்றும் சந்திக்கும் எல்லையில் எழும் இக்காற்று, வெப்பநிலை வேறுபாடு மிகும் குளிர்காலத்தில் வலுப்பெறும். சப்பானிய வானிலை அறிஞர் ஓயிஷி வசாபுரோ 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதனை அளந்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று எண்ணித் தம் முடிவுகளை 1926-இல் எசுப்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். விளைவாக அவற்றைப் படித்தவர் மிகச் சிலரே. இரண்டாம் உலகப் போரில், 1944-இன் இறுதியில் சப்பான் மீது பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு வானூர்திகள் இக்காற்றில் சிக்கித் தடுமாறிய பின்னரே இதன் வலிமை பரவலாக உணரப்பட்டது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் காணலாம். வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று கிழக்கு நோக்கி வீசுவதாகக் கொள்வோம். நியூயார்க்கில் இருந்து இலண்டனுக்குத் தரை வேகம் மணிக்கு 1,000 கி.மீ.; 5,540 கி.மீ. கடக்க 5 மணி 32 நிமிடம் ஆகும். திரும்பும்போது தரை வேகம் 800 கி.மீ.; ஆகும் நேரம் 6 மணி 55 நிமிடம். ஏறுதல், இறங்குதல், தரையில் ஊர்தல் ஆகியவற்றைச் சேர்த்தால், கால அட்டவணைகளில் காணப்படும் ஏறத்தாழ 7 மணி, 8 மணி என்ற நேரங்களை நெருங்கிவிடுகின்றோம்.

போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பிக் கொடுத்துவிடும் என்று பலர் எண்ணுவதுண்டு. அவ்வாறு ஆவதில்லை. காற்றே இல்லாவிட்டால் இருவழிப் பயணத்துக்கு 12 மணி 19 நிமிடம் போதும்; மேற்கண்ட காற்றில் 12 மணி 28 நிமிடம் ஆகின்றது. எதிர்காற்றில் வானூர்தி கூடுதல் நேரம் இருப்பதே காரணம்: மெதுவாகச் செல்லும் பகுதி நீண்ட நேரம் நீடிக்கின்றது, விரைவாகச் செல்லும் பகுதி விரைவில் முடிந்துவிடுகின்றது. காற்று வலுக்க வலுக்க இந்த இழப்பும் மிகும்.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேசின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கில் இருந்து இலண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அதன் தரை வேகம் மணிக்கு 1,300 கி.மீ.ஐத் தாண்டியது. இது ஒலியின் வேகத்தை விட மிகுதி என்பதால், ஒலித்தடையை உடைத்த பறப்பு என்று கருதத் தோன்றும். ஆனால் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை அவ்வானூர்தி வழக்கமான வேகத்திலேயே சென்றது. காற்றே அதனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. உண்மையாகவே ஒலியை விஞ்சிப் பறந்தது கான்கார்ட் ஆகும். 1996 பிப்ரவரி 7 அன்று அது இதே வழியை 2 மணி 52 நிமிடம் 59 நொடிகளில் கடந்தது. 2003-இல் கான்கார்ட் சேவை நிறுத்தப்பட்டது.

குறுகிய வழியும் விரைவான வழியும்

காற்று இவ்வளவு வலிமையானது என்றால், தொலைவில் குறுகிய வழி நேரத்தில் குறுகியதாக இருக்க வேண்டியதில்லை. பின்காற்று உள்ள இடத்தைத் தேடிச் சில நூறு கிலோமீட்டர் சுற்றிச் செல்வது எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்தலாம். கொடுக்கப்பட்ட காற்றில் மிக விரைவான வழி எது என்ற இக்கேள்வியை செருமானியக் கணிதவியலர் எர்ன்ஸ்ட் செர்மெலோ 1931-இல் ஆராய்ந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

வட அட்லாண்டிக்கில் இது நாள்தோறும் நடைமுறைப்படுத்தப்படுகின்றது. வானிலை முன்கணிப்பைக் கொண்டு, கடலுக்கு மேல் ஏறத்தாழ இணையாகச் செல்லும் பாதைகளின் தொகுதி ஒன்று ஒவ்வொரு நாளும் புதிதாக வகுக்கப்படுகின்றது. மேற்கு நோக்கிய பகல் பாதைகளை ஷான்விக் கட்டுப்பாட்டு நடுவமும், கிழக்கு நோக்கிய இரவுப் பாதைகளைக் கனடாவின் கேண்டர் நடுவமும் வகுக்கின்றன. (ஷான்விக் என்று ஓர் ஊர் இல்லை, அயர்லாந்தின் ஷானன், இசுக்கொட்லாந்தின் பிரெஸ்ட்விக் ஆகிய பெயர்களை ஒட்டி அப்பெயர் உருவானது.) கிழக்குப் பாதைகள் ஜெட் காற்றோட்டத்தின் மேலேயே அமைய, மேற்குப் பாதைகள் அதனை விட்டு விலகிச் செல்லும். ஆகவே போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருப்பது அரிது.

இரட்டை எஞ்சின் வானூர்திகளுக்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், மற்றதைக் கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் சென்றடையக்கூடிய நிலையம் ஒன்று வழியின் எந்தப் புள்ளியிலும் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் இந்த வரம்பு 1953-இல் இருந்து 60 நிமிடமாக இருந்தது; அதனால் கடலின் நடுப்பகுதியை விட்டு விலகி வளைந்து செல்ல நேர்ந்தது. 1985-இல் தகுதி பெற்ற வானூர்திகளுக்கு 120 நிமிடம் அனுமதிக்கப்பட்டு, பின்னர் மேலும் நீட்டிக்கப்பட்டது. நான்கு எஞ்சின் வானூர்திகள் அட்லாண்டிக்கில் குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூடப்பட்ட வான்வெளி

ஒரு நாட்டின் நிலப்பரப்புக்கு மேல் உள்ள வான்வெளி அந்நாட்டுக்கே உரியது என்பதை 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை உறுதி செய்தது. ஆகவே பெருவட்டம் எந்த நாட்டின் மீது செல்கின்றதோ அந்நாடு இசைந்தால்தான் அவ்வழியில் பறக்க முடியும். காற்று நிமிடங்களை மாற்றுகின்றது என்றால், அரசியல் மணிகளை மாற்றுகின்றது.

இதற்கு எல்சிங்கி - தோக்கியோ வழியை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை எனலாம். இந்நகரங்களுக்கு இடையிலான தொலைவு 7,800 கி.மீ.க்குச் சற்று மேல். அந்தப் பெருவட்டத்தின் மிகப் பெரும் பகுதி உருசியாவின் சைபீரியாவுக்கு மேலே செல்கின்றது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியம் மேற்கு நாடுகளின் வானூர்திகளைப் பொதுவாக அவ்வழியே விடவில்லை. ஐரோப்பாவில் இருந்து சப்பானுக்குச் சென்ற வானூர்திகள் பல அலாசுக்காவின் ஆங்கரேச்சில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. 1983-இல் பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டி.சி.-10 வானூர்தியைக் கொண்டு, வட துருவத்தின் மேலாகச் சென்று பேரிங் நீரிணை வழியே தெற்கே இறங்கி, இடைநில்லாமல் தோக்கியோவை அடைந்தது.

எல்லையை ஒட்டிப் பறப்பதில் உள்ள கேடு அதே ஆண்டில் வெளிப்பட்டது. ஆங்கரேச்சில் இருந்து சியோலுக்குச் சென்றுகொண்டிருந்த கொரிய ஏர் லைன்சின் 007 எண் பறப்பு, தன் வழியில் இருந்து விலகிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்தது. 1983 செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் வானூர்தி அதனைச் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 269 பேரும் உயிரிழந்தனர். அமெரிக்கப் படைத்துறையின் ஜி.பி.எஸ். இடங்காட்டி முறை பொதுப் பயன்பாட்டுக்கும் வழங்கப்படும் என்ற அறிவிப்பு இந்நிகழ்வுக்குப் பின்னரே வந்தது.

சோவியத் ஒன்றியம் கலைந்த பின் சைபீரிய வழி பரவலாகத் திறந்தது. எல்சிங்கி - தோக்கியோ பயணம் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரமாகக் குறைந்தது. ஐரோப்பாவில் இருந்து கிழக்காசியாவுக்கான மிகக் குறுகிய வழி தன் நகரின் மேல் செல்கின்றது என்பதை அடிப்படையாகக் கொண்டே பின்ஏர் தன் வணிகத்தை வளர்த்தது. 2022 பிப்ரவரியில் உருசியா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் உருசிய வானூர்திகளுக்குத் தம் வான்வெளியை மூடின. பதிலுக்கு உருசியா 36 நாடுகளின் வானூர்திகளுக்குத் தன் வான்வெளியை மூடியது. அடுத்த மாதம் தோக்கியோ சேவையை மீண்டும் தொடங்கியபோது பயண நேரம் ஏறத்தாழ 13 மணியாகிவிட்டது. ஒரு வழி தெற்கே நடு ஆசியாவைச் சுற்றிச் சென்றது. மற்றது 1983-ஐப் போலவே வட துருவத்தின் மேல் சென்றது.

இந்த மூன்றரை மணி நேரத்தின் விலை பயணியின் களைப்போடு முடிவதில்லை. கூடுதல் தொலைவுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். புறப்படும் எடைக்கு வரம்பு உள்ளதால் சரக்கையோ பயணிகளையோ குறைக்க நேரிடும். விமானிகள் மிகுதியாகத் தேவைப்படுவர். உருசியா தடை விதிக்காத சீன நிறுவனங்கள் ஐரோப்பாவுக்குச் சைபீரியா வழியாகவே பறந்தன. இதனால் அதே இரு நகரங்களுக்கு இடையே, நிறுவனத்தைப் பொறுத்துப் பயண நேரம் வேறுபடும் நிலை உருவானது. பாக்கித்தான் தன் வான்வெளியை 2019 பிப்ரவரி முதல் சூலை வரையும், பின்னர் 2025 ஏப்ரலில் இந்திய வானூர்திகளுக்கும் மூடியபோது, தில்லியில் இருந்து மேற்கே செல்லும் பறப்புகள் அரபிக் கடலைச் சுற்றிச் செல்ல நேர்ந்ததும் இத்தகையதே.

அட்டவணையில் உள்ள நேரம்

பயணச்சீட்டில் காணப்படும் பயண நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டும் அன்று. சக்கரங்களின் அடியில் உள்ள தடைக்கட்டைகளை எடுப்பது முதல், சேருமிடத்தில் அவற்றை மீண்டும் வைப்பது வரையிலான நேரம் அது. துறையில் இதனை பிளாக் நேரம் என்பர். நெரிசல் மிக்க நிலையங்களில் ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும், வானில் வட்டமிடுவதும் இதில் அடங்கும். நிறுவனங்கள் இதற்காகச் சில நிமிடங்களைக் கூட்டியே அட்டவணை இடுகின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில் 15 நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமாகாது.

கடிகாரக் கணக்கு மாணவர்களை அடிக்கடி குழப்புவது. இலண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பும் வானூர்தி நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்குச் சேர்வதாக அட்டவணை கூறலாம். பார்வைக்கு 3 மணி நேரம். உண்மையில் 8 மணி நேரம். நியூயார்க் கடிகாரம் 5 மணி பின்தங்கியிருப்பதே காரணம். இரவு 8 மணிக்குத் திரும்பும் வானூர்தி மறுநாள் காலை 8 மணிக்கு இலண்டன் சேரும். 12 மணி போலத் தோன்றுவது 7 மணியே. இரு நேரங்களையும் முதலில் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்துக்கு மாற்றிய பின் கழிப்பதே பாதுகாப்பானது. அரை மணிப் பின்னம் கொண்ட இந்திய, இலங்கை நேரங்களுக்கு இம்முறை இன்னும் தேவை. கோடைக்கால நேர மாற்றத்தையும் மறத்தலாகாது. அமெரிக்கா மார்ச்சு மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றும், ஐக்கிய இராச்சியம் அம்மாதத்தின் இறுதி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்தள்ளுகின்றன. இடைப்பட்ட நாட்களில் இரு நகரங்களுக்கும் இடையிலான வேறுபாடு 4 மணி மட்டுமே. இலையுதிர் காலத்திலும் அக்டோபரின் இறுதி ஞாயிறுக்குப் பின் ஒரு வாரம் இவ்வாறு நேர்கின்றது.